மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் காலை நீட்டிப் படு என்றால் நீ கேட்கவா போகிறாய்.

தூதரகத்தில் என் தலையில் ஒரு புது வேலையைக் கட்டியிருக்கிறார்கள். நம் நாடு இங்கே முதல் தூதரை அனுப்பி வருகிற செப்டம்பரோடு ஐம்பது ஆண்டு ஆகிறது. விழா, விருந்து, கூடவே ஒரு மலர். இதுவரை இங்கே வந்த தூதர்களின் வரலாற்றை நான் எழுத வேண்டும். "இந்தக் கட்டடத்துலயே நீளமா எழுதுறவன் நீதான், உங்க அக்காவுக்குப் போற கவரைத் தூக்கிப் பாத்தாலே தெரியுது" என்றார் எங்கள் தூதர் அம்மா. ஒன்பதாவது தூதர் அவர்; பெண்களில் முதலாமவர்.

மாடிப்படிச் சுவரில் எல்லாத் தூதர்களின் படமும் வரிசையாக மாட்டியிருக்கிறது. கீழே பித்தளையில் எண். மூன்று இருக்கிறது, ஐந்து இருக்கிறது, நான்கு இல்லை. கோப்பில் தேடினேன். மிக இளம் வயதில் தூதராகி வந்தவர். ஒரு வருடம்கூட முடியவில்லை, 'உடல்நலக் காரணங்களால் நாடு திரும்பினார்.' அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் பக்கங்களே இல்லை.

அவர் உயிரோடு இருக்கிறார் அக்கா. ஓய்வூதிய முகவரியைப் பார்த்தால் உன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இரண்டாவது தெரு! நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. நீ ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். இவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புத் தம்பி


ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவரின் சுகமும் அறிந்து மகிழ்ச்சி. என் முழங்காலைக் கேட்டாயே, அது மூன்று மாடியும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறியது. லிப்ட் வேலை செய்யவில்லை.

தூதர் என்றால் மாளிகை, காவல்காரன் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு போனேன். காரை பெயர்ந்த அடுக்குமாடி வீடு. அந்த மனுஷர் கதவை ஒரு சாண் திறந்தார்.

"யாரும்மா?"

"என் தம்பி நீங்க இருந்த தூதரகத்துல வேலை பாக்குறான். உங்களப் பத்தி எழுதணுமாம்."

"எழுத ஒண்ணுமில்ல. உடம்பு சரியில்லாம திரும்பி வந்தேன்."

"உடம்புக்கு என்ன?"

"மறந்துபோச்சு."

கதவு சாத்தியாயிற்று. மரியாதையாகத்தான் சாத்தினார், அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் போட்டிருந்த கண்ணாடி! ஒரு பக்கக் காது நூலால் கட்டியிருந்தது. ஒரு வில்லையில் குறுக்கே கீறல். எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி தட்டினேன். "வரலாறு கிடக்கட்டும் ஐயா. இந்தக் கண்ணாடியோட இத்தனை படி இறங்குனீங்கன்னா என்னைக்காவது உருண்டு விழுவீங்க" என்று கடை அட்டையைக் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

உன் வேலை கல்லில் நார் உரிக்கிற வேலை. வேறு ஆளைப் பார். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சளி, இவளுக்கு அதைவிடப் பெரிய சளி. நீ சுகமாக இருந்தால் அதுவே போதும்.

மற்ற தூதர்களைப் பற்றி எழுத எழுதச் சிரிப்புத்தான் வருகிறது. முதல் தூதர் கப்பலில் வந்தார். அவர் பெட்டி வரவில்லை. இரவல் கோட்டில் போய் இந்நாட்டு அதிபரிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுத்திருக்கிறார். படத்தில் கையைப் பின்னால் கட்டி நிற்பது கம்பீரத்துக்காக அல்ல, கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. தூதரகமே அப்போது ஒரு தையல்கடை மாடியில் இரண்டு அறை. மழையில் நனைந்த நம் கொடியைத் தையல்காரர் மனைவி சட்டைகளோடு சேர்த்துத் துணிக்கொடியில் காயப்போட, பத்திரிகைக்காரர்கள் வந்து 'இது என்ன துக்கமா, கண்டனமா?' என்று கேட்டார்களாம்.

இரண்டாமவர் நெடுங்காலம் இருந்தார். ஊருக்கு எழுதிய எல்லா அறிக்கையும் ஒரே வரி: 'நிலைமை சீராக உள்ளது.' வெள்ளம் வந்து முதல் தளம் மூழ்கிய வாரமும் அதேதான். மூன்றாமவர் சாப்பாட்டு ராமன். இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு நாலு பேரைச் சம்பாதித்ததெல்லாம் அவர் மனைவி. ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் அவருடையது.

நான்காமவர் இல்லாமல் மலர் வந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இன்னும் ஒரே ஒரு தடவை முயன்று பார், அக்கா.

அன்புத் தம்பி


மார்ச் 7

அன்புள்ள தம்பிக்கு,

சளி விட்டதா? சுடச்சுட ஏதாவது குடித்துக்கொண்டே இரு. நான் சௌக்கியம்.

நான் போகவில்லை. பெரியவரே வந்தார், போன வாரம் கடைக்கு. நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றிக் கல்லாமேசை மேல் வைத்து, "நீங்க சொன்ன மாதிரியே நேத்து ரெண்டு படி சறுக்கிட்டேன். வாய் முகூர்த்தம்" என்றார்.

நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தேன். கடைசி வரி எழுத்துகளை மடமடவென்று சொன்னார், அத்தனையும் தப்பு.

"ஊகிக்காதீங்க. தெரியறத மட்டும் சொல்லுங்க."

"பழைய பழக்கம்மா. தெரியாததயும் தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளமே."

எனக்குச் சிரிப்பு வந்து வில்லை கைதவறப் பார்த்தது.

திரும்பி வந்ததும் அமைச்சக நூலகத்தில் ஒரு மூலையில் உட்காரவைத்து விட்டார்களாம். ஓய்வு பெறும்வரை அங்கேதான். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் அவர் சொன்னது. உன் விஷயத்தை நான் எடுத்தபோது பேச்சை மாற்றி, நீ எழுதிய கொடிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

புதுக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். சட்டம் காதை அழுத்துகிறது என்று அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தார். சட்டம் சரியாகத்தான் இருந்தது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் தலைகாட்டத் தொடங்கிவிட்டது, சளியும் ஓடிவிட்டது. உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் அழகுக்கு வைக்காதே.

ஒரு துப்புக் கிடைத்தது. தூதரகத்துக்கு எதிரே ரொட்டிக் கடை. வயதான அம்மாள் ஒருத்தி நடத்துகிறாள். அந்த வருடத்தைச் சொல்லிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. வீடு வீடாக ஆட்களை இழுத்துப்போனார்களாம். "எல்லாத் தூதரகமும் கதவைப் பூட்டிடுச்சு. உங்களோடது மட்டும் திறந்திருந்துச்சு. அந்த அம்மா எப்பவும் ரெண்டு ரொட்டிதான் வாங்குவாங்க. அன்னைக்கு வந்து, கடையில இருக்கிறது எல்லாத்தையும் குடுன்னாங்க."

எந்த அம்மா என்று கேட்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மறுநாள் போனால், "நான் எதுவும் சொல்லலயே" என்கிறாள். அந்த ஆட்சி போய் எத்தனையோ காலமாகியும் பயம் மட்டும் போகவில்லை.

பெரியவர் கண்ணாடி சரிசெய்ய வரும்போது மெல்லக் கேட்டுப் பார். நீ உடம்பை வருத்திக்கொள்ளாதே.

அன்புத் தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பதில் தாமதமாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான். தைலம் தேய்க்கிறேன், கேட்கிறது.

நீ எழுதியதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ரொட்டிக் கடை என்றதும் எழுந்து கண் சோதிக்கும் அறைக்குள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "லைட்ட அணைச்சிருங்க, சொல்றேன்" என்றார். முகம் தெரியாத இருட்டில், எரிகிற எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று அவர் ஊரிலேயே இல்லையாம். துறைமுகத்துக்குப் போயிருந்தார். வாசலில் கைக்குழந்தையோடு ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காவலாளி உத்தரவு இல்லை என்றிருக்கிறான். அவர் மனைவி இறங்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். ஒருத்திக்குத் திறந்த கதவு. பின்னால் தெருவே வந்தது. அவர் திரும்பி வந்தபோது விருந்து மண்டபம் முழுக்க ஜனம். அவருடைய கோட்டுகளையெல்லாம் குழந்தைகளுக்குப் போர்த்தியிருந்தார்களாம்.

அமைச்சகத்திலிருந்து தந்தி: எல்லோரையும் வெளியே அனுப்பு. மாட்டேன் என்று பதில் கொடுத்தார். ஆட்கள் பத்திரமாக எல்லை தாண்டிப் போகும்வரை இழுத்தடித்தார். பிறகு விசாரணை. 'மனைவி உங்களைக் கேட்காமல் செய்தது என்று எழுதிக்கொடுங்கள், உங்கள் பதவி தப்பும்' என்றார்களாம். இவர் எழுதியது ஒரே வரி: 'கதவு என் உத்தரவின்படி திறக்கப்பட்டது.'

"அவ பேரு கெடக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. இப்பப் பாத்தா, அவ செஞ்சது ஒருத்தருக்கும் தெரியாமலே போயிடுமோன்னு இருக்கு" என்றார்.

நான் விளக்கைப் போடச் சற்று நேரம் ஆயிற்று. அவருக்காக இல்லை, எனக்காக.

எழுது தம்பி. நன்றாக எழுது.

அன்புடன்,
அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பெரியவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் படித்து இவள் அழுதுவிட்டாள். நான் அன்றைக்கே நான்கு பக்கம் எழுதி மேலே கொடுத்தேன். தூதர் அம்மா படித்தார். "நல்லா எழுதியிருக்க. ஆனா இது விழா மலர்ப்பா, விசாரணைக் கமிஷன் இல்ல. அமைச்சகம் என்ன சொல்லும்? இந்த நாட்டுக்காரங்க மேசையில வந்து உக்காரும்போது அவங்க பழைய புண்ணைக் கிளறலாமா?" என்றார். கெட்டவர் இல்லை அக்கா. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கும் பதவி உயர்வு நேரம்.

ஆகவே நான்காமவருக்கு ஒரு பத்தி மட்டும் வைத்திருக்கிறேன். பழைய கோப்பில் இருந்த அதே வரியோடு: 'உடல்நலக் காரணங்களால் நாடு திரும்பினார்.' படம் ஒன்று மாட்டச் சம்மதம் வாங்கிவிட்டேன், அதுவே பெரிது. அச்சுப்படியை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரியவரிடம் காட்டி, பக்குவமாகச் சொல். அவர் தூதராக இருந்தவர், புரிந்துகொள்வார்.

அன்புத் தம்பி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் தம்பி மே மாதக் கடிதத்துக்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் மணியடித்தால் செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிறார். வெறுங்கையோடு வந்து, 'அக்காவுக்குக் கடையில கூட்டமா இருக்கும்' என்கிறார். அதனால் நானே எழுதுகிறேன், அவருக்குக் காட்டாமல்.

உங்களுக்குக் கோபம் என்று எனக்குத் தெரிகிறது. கோபப்பட வேண்டியதுதான். இவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அது இவருக்கும் தெரியும். இப்போதெல்லாம் படங்கள் மாட்டிய அந்த மாடிப்படியில் ஏறாமல் பின்பக்கப் படியில் ஏறுகிறாராம்.

இன்னொன்று, நான் கேட்கலாமா கூடாதா தெரியவில்லை. முதல் கடிதத்தில் 'அந்த மனுஷர்' என்று எழுதியிருந்தீர்கள். அடுத்ததில் 'பெரியவர்.' ஏப்ரல் கடிதத்தில் வெறும் 'அவர்'. யார் என்றுகூடச் சொல்லாமல், முதல் வரியிலிருந்தே 'அவர்.' நான் உங்கள் தம்பியை வெளியில் அப்படித்தான் சொல்வேன், அண்ணி. உங்கள் தம்பி நாட்டுக்கு நாடு வரிகளுக்கு நடுவே படிக்கிறவர், சொந்த அக்கா கடிதத்தில் வரியையே படிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

பதில் போடுங்கள். இரண்டு வரி போதும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இத்தனை நாளாக மனம் வரவில்லை, இப்போது கேட்கிறேன்.

உன் அச்சுப்படியைக் காட்டினேன். புதுக் கண்ணாடியை நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "நான் அப்ப குதிரை மாதிரி இருந்தேனே!" என்று சிரித்தார். "உங்க தம்பி மேல தப்பில்லம்மா. அவர் நிலைமைல நானும் இதத்தான் எழுதியிருப்பேன்" என்றும் சொன்னார். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். தினமும் சாயங்காலம் டீ குடிக்க வருகிறவர் அதற்கப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. நான்தான் மாடியேறிப் போனேன். வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்தது. காய்ச்சல்.

"படம் மாட்டுறாங்களாம், நல்ல படமா ஒண்ணு குடுங்க" என்றேன். கூடத்தில் அவரும் மனைவியும் தூதரகத் தோட்டத்தில் நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி, "நான் மட்டும்னா வேண்டாம். இடம் காலியாவே இருக்கட்டும்" என்றார்.

தம்பி, அவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி எழுதினார். நீ உன் மேல் எதுவும் விழாமல் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ என் தம்பி. எது எழுதினாலும் என் தம்பிதான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அந்தப் படத்தைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். காய்ச்சல் இறங்கிவிட்டது.

உன் மனைவியிடம் சொல்: அவள் கேட்டதற்கு இந்தத் தாளில் இடம் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நலம் என்றதை முதலில் படித்தேன். மற்றதைப் படிக்க ஒரு நாள் ஆயிற்று.

மறுநாள் தூதர் அம்மா அறைக்குப் போய் அந்தப் படத்தை மேசைமேல் வைத்தேன். "அச்சுல இருக்கிற வரி பொய்ம்மா. எழுதினது நான். நானே அடிச்சு நீக்கிடுறேன். யாராவது கேட்டா என் பேரைச் சொல்லிடுங்க" என்றேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த அம்மாதானா?" என்றார். பிறகு எழுந்து ஜன்னல் வழியே வாசல் கதவைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கு இங்க இருந்திருந்தா திறந்திருப்பேனான்னு தெரியலப்பா" என்றார். திரும்பி வந்து என் பழைய நான்கு பக்கத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "உன் பேரை ஏன் சொல்றது? இது என் தூதரகம். என் உத்தரவின்படின்னு போடு."

அமைச்சகம் முணுமுணுத்தது. என் பதவி உயர்வு அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது; இவள் அதற்குச் சிரிக்கிறாள், எனக்கும் பெரிதாக வலிக்கவில்லை. இந்த நாட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தோமே, அவர்களே அழைப்பிதழில் பெரியவர் பெயரை முதலில் போடச் சொல்கிறார்கள். ரொட்டிக் கடை அம்மாள் விருந்துக்கு ரொட்டி தன் செலவு என்கிறாள்.

அவரைக் கூட்டிக்கொண்டு நீயும் வா அக்கா. இந்த வயதில் அவர் தனியாக வரவேண்டாம். அவருக்குத் தூதரக விருந்தினர் மாளிகையில் ஓர் அறை, உனக்கு எங்கள் வீட்டில் சாலையைப் பார்த்த அறை. இரண்டும் தயார்.

மன்னித்தாயா என்று கேட்கவில்லை. வா, போதும்.

அன்புத் தம்பி


ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால்கூட நலம். நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இனி எழுதப்போவதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நானும் வருகிறேன் என்றதும் அவர் கேட்டார்: "அங்க உங்களை யாருன்னு நான் சொல்றது?"

"கண்ணாடிக் கடைக்காரின்னு சொல்லுங்க."

"அது பொய் இல்ல. ஆனா முழு உண்மையும் இல்லயே."

நான் வில்லையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கீறல் விழுகிற அளவுக்குத் துடைத்தேன். அப்புறம், "அப்ப முழு உண்மையாக்கிடுங்க" என்று என் வாயே சொன்னது. இந்த வயதில்! எனக்கே காது சுட்டது.

தன் மனைவியைப் பற்றி அவர் பேசுகிற விதத்தைக் கேட்டுத்தான் எனக்கு இப்படி ஆயிற்று, தம்பி. காலமாகிவிட்ட என் வீட்டுக்காரரைப் பற்றி நான் பேசும்போது அவரும் அப்படித்தான் கேட்பார். அந்த இருவரையும் எங்கள் வீட்டை விட்டு அனுப்பப் போவதில்லை.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் சாட்சி. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ என்ன நினைப்பாயோ என்று பயமாக இருந்தது. உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு உன்னிடமே பயம், பார்.

ஆகையால், இரண்டு அறை வேண்டாம். ஒன்று போதும்.

உன் மனைவியிடம் சொல், இதுதான் அவள் கேட்டதற்குப் பதில்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம், இவளுக்குத்தான் சிரித்துச் சிரித்து வயிற்று வலி. ஏப்ரலிலிருந்தே தெரியுமாம். வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு ராஜதந்திரி இருப்பதை அறியாமல் நான் வெளியே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

தூதர் அம்மாவிடம் சொன்னேன். "அட, அப்ப சொந்தக்காரருக்குன்னு நாலு பக்கம் ஒதுக்கிட்டியா? மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டுதானே!" என்றார். இப்போது தூதரகம் முழுக்க இதே பேச்சு.

படத்தை நேற்று மாட்டினோம். அந்தச் சுவரில் இரண்டு பேர் நிற்கிற படம் அது ஒன்றுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் அங்கே ஒரு கணம் நிற்கிறார்கள், நானும்.

ஓர் அறையே தயார். வெயில் விழுகிற அறை.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். நேரில் நாக்குப் புரளாமல் போய்விடுமோ என்றுதான் கடிதத்தில் முதல் வரியாக எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புத் தம்பி